மூணு மோட்டாரும் ஒரே நாள்ல சாகுமா சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. மூன்று நாளாக மனதில் கிடந்து புரள்கிறது. எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன். கார் வைத்திருப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். 33 வருடம் இயற்பியல் நடத்திய ஒரு வாத்தியார், தான் நடத்திய பாடத்திலேயே எப்படிக் கோட்டை விட்டார் என்பதுதான் விஷயம்.

என் மகள் ஓரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தினமும் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போய் வருவாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய கார் வாங்கினாள். நல்ல வண்டி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்விட்ச் இருக்கும். முன்னால் தள்ளினால் சீட் முன்னால் போகும், பின்னால் தள்ளினால் பின்னால் வரும். உயரம் கூட்டலாம், முதுகைச் சாய்க்கலாம். பவர் சீட் என்கிறார்கள்.

நான் ஆறடிக்கு இரண்டங்குலம் குறைவு. அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள், ஐந்தடியைத் தாண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு நான் வண்டியை எடுத்துப் போனேன். சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி வசதியாக உட்கார்ந்து ஓட்டிவிட்டு, சாயங்காலம் அப்படியே கொண்டுவந்து நிறுத்தினேன்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அவள் ஸ்விட்சை அழுத்துகிறாள், சீட் அசையவில்லை. சத்தமும் இல்லை.

இரண்டு வாரமாகவே அது முனகிக்கொண்டுதான் நகர்ந்தது. "அப்பா, சீட் ரொம்ப மெதுவா வருது" என்று சொன்னாள். "எண்ணெய் போட்டா சரியாப்போயிடும்" என்று நான்தான் சொன்னேன். போடவும் இல்லை. அது எண்ணெய்க்கான முனகல் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு என் மனைவிதான் சொன்னாள். வாலாஜாபாத் தாண்டி முன்னால் போன டிப்பர் லாரி திடீரென்று பிரேக் போட்டிருக்கிறது. இவளும் மிதித்திருக்கிறாள். மிதித்த வேகத்தில் முதுகு தலையணைக்குள் புதைந்துவிட்டது. நுனிக்கால்தான் பெடலில் இருந்ததாம். லாரிக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம்கூட இல்லையாம்.

சாப்பிட்டது உள்ளே இறங்கவில்லை எனக்கு. பிரேக்கை அழுத்தி மிதிக்க முதுகுக்குப் பின்னால் கெட்டியான பிடிமானம் வேண்டும். கால் பெடலை முன்னால் தள்ளும்போது சீட் நம் முதுகைத் திருப்பித் தள்ள வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி. தலையணை தள்ளாது, அமுங்கும். எத்தனை வருடம் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! என் பெண் இரண்டு தலையணையோடு கிளம்பியதை வாசலில் நின்று கையசைத்து அனுப்பியவனும் நான்தான்.

"நாளையிலிருந்து பஸ்" என்று சொல்லிவிட்டேன். பஸ் என்றால் வாலாஜாபாத்தில் மாற வேண்டும், விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதலில் ஃபியூஸ். புத்தகத்தைப் பார்த்து சீட்டுக்கான ஃபியூஸைக் கண்டுபிடித்தேன். 30 ஆம்பியர். கழற்றிப் பார்த்தால் கம்பி முழுசாக இருக்கிறது. சரி. அடுத்து குனிந்து, படுத்து, டார்ச் அடித்து, சீட்டுக்கு அடியில் முன்னும் பின்னும் நகர்த்துகிற மோட்டாரைக் கண்டுபிடித்தேன். அதற்கு வருகிற பிளக்கைக் கழற்றினேன். மனைவியை ஸ்விட்சை அழுத்தச் சொல்லி, பிளக்கின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். பேட்டரியிலும் அதே 12.4.

தீர்ப்பு எழுதிவிட்டேன். மின்சாரம் மோட்டார் வாசல் வரைக்கும் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை, ஆகவே மோட்டார் போய்விட்டது. ஒரு மாணவன் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஒரு சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பையன் என்ன பிரச்சினை என்று கேட்டான். "மோட்டார் அவுட் தம்பி. நான் மீட்டர் வச்சுப் பார்த்துட்டேன். நான் ஃபிஸிக்ஸ் வாத்தியார்" என்றேன். அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான், அதில் ஒரு குறையும் காட்டவில்லை. மோட்டார் தனியாக வராது, கீழே இருக்கிற சட்டத்தோடு சேர்த்துத்தான் வரும் என்றார்கள். கூலியோடு 62,000 ரூபாய். பொருள் வர மூன்று வாரம். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. தப்பான நோயைச் சொல்லி மருந்து கேட்டவன் நான். என் பென்ஷனில் அது என்ன தொகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் லாரி கண்ணுக்குள் நின்றது. முன்பணம் கட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரம் என் ஸ்கூட்டருக்கு ஹெட்லைட் பல்பு வாங்க வெள்ளைகேட் பக்கம் போயிருந்தேன். சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை, வெளியே பழைய பேட்டரிகள் அடுக்கியிருந்தன. உள்ளே இருந்து "சார்!" என்று ஒரு குரல். வாகன எலக்ட்ரிகல் வேலை செய்கிறவன். நாற்பதை நெருங்கும் வயது, காதோரம் நரை. முகம் பிடிபட ஒரு நிமிடம் ஆனது. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன். (பெயர் போடவில்லை. காரணம் கடைசியில்.)

டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சுவாக்கில் சீட் கதையைச் சொன்னேன், 62,000 வரைக்கும். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"சீட் முன்ன பின்ன போகல. சரி. மேல கீழ போகுதா?"

"இல்லை."

"முதுகு சாயுதா?"

"அதுவும் இல்லை."

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மோட்டார் சார். மூணு மோட்டாரும் ஒரே நாள்ல சாகுமா?"

டீ தொண்டையில் நின்றுவிட்டது. நான் ஒரு மோட்டாரைத்தான் பார்த்தேன். மற்ற இரண்டும் வேலை செய்யவில்லை என்பது தெரிந்தே இருந்தும், அதை ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை என்றால் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். தெருவே இருட்டாக இருந்தால் டிரான்ஸ்பார்மரைப் பார்க்க வேண்டும். மூன்று மோட்டாருக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அங்கேதான் கோளாறு இருக்கும். ஃபியூஸ், வருகிற ஒயர், ஸ்விட்ச், திரும்பிப் போகிற எர்த் ஒயர். அவ்வளவுதான்.

"ஆனா 12.4 வோல்ட் வந்துச்சேடா" என்றேன். விடவில்லை நான்.

"வந்திருக்கும் சார்" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னான்.

ஏழு மணிக்கு டி.வி.எஸ்.ஸில் வந்தான். ஒரு சின்ன பைக் பேட்டரி, ஒரு பை நிறைய கருவி, இரண்டு ஒயர் வைத்துப் பற்றவைத்த ஒரு காசுக்கும் பெறாத இண்டிகேட்டர் பல்பு. நான் வரிசையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்ததும், "முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டணும் சார். நீங்க கழட்டிட்டுத்தான கைய விட்டீங்க?" என்றான்.

நான் கழற்றவில்லை.

அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் இருப்பதைக் காட்டினான். சீட்டின் பக்கவாட்டில் இருக்கிற ஏர்பேக்குக்குப் போகிற ஒயர் அது. மீட்டரிலிருந்து போகிற சின்ன மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கப் போதுமானதாக இருக்கலாம். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்த பிறகுதான் சீட்டுக்கு அடியில் கை வைக்க வேண்டும். மஞ்சள் கனெக்டர் பக்கமே மீட்டர் முனை போகக்கூடாது. "மூஞ்சிக்கு நேரா இருந்திருக்கு சார் உங்களுக்கு" என்றான். 33 வருடம் மற்றவர்களைத் திட்டியவன், கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றி, வாசல் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு வேலையை ஆரம்பித்தான்.

"முதல்ல பாப்பாவுக்கு சீட்டை முன்னாடி கொண்டு வந்துடுவோம். நோயை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லி, மோட்டார் பிளக்கைக் கழற்றி, பைக் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தான். நான் சாகடித்த மோட்டார் விர்ரென்று சுற்றியது. சீட் இன்னும் பின்னால் போகப் பார்த்தது. ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தான், முன்னால் வந்தது. நிலைக்காந்தம் வைத்த மோட்டார். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் சுற்றும் திசை மாறும். ஸ்விட்சும் உள்ளே இதைத்தான் செய்கிறது.

62,000 ரூபாய் அந்த இடத்திலேயே மிச்சம். என் தீர்ப்பு காலி.

அடுத்து கார் பேட்டரியைத் திரும்ப மாட்டி, சீட்டுக்கு மொத்தமாக மின்சாரம் வருகிற கனெக்டரைக் கழற்றினான். அதில் ஒன்று பேட்டரியிலிருந்து வருகிற ஒயர், இன்னொன்று எர்த். இரண்டிலும் மீட்டரை வைத்தான். 12.4. என்னைத் திரும்பிப் பார்த்தான். "உங்க 12.4 இதோ இருக்கு சார்." மீட்டரை எடுக்காமலே, அந்த இண்டிகேட்டர் பல்பின் இரண்டு ஒயரையும் அதே முனைகளில் சேர்த்து வைத்தான்.

பல்பு எரியவில்லை. மீட்டர் 12.4இலிருந்து 0.9க்கு விழுந்தது.

பல்பை எடுத்தான், 12.4. வைத்தான், 0.9. எடுத்தான், வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

நண்பர்களே, இந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இது நான் நடத்திய பாடம். பழைய டார்ச் செல்லை வகுப்புக்கு எடுத்துப்போய், வோல்ட் மீட்டரை வைத்தால் 1.3 காட்டும், பல்பை மாட்டினால் எரியாது, ஏன் என்று கேட்பேன். பிளஸ் டூவில் அகமின்தடை என்று ஒரு பாடமே இருக்கிறது. சாவியைத் திறந்து வைத்து ஓர் அளவு, மூடி வைத்து ஓர் அளவு. வருடாவருடம் நடத்தியிருக்கிறேன். சொந்த வண்டிக்கு அடியில் படுத்தபோது அது ஞாபகம் வரவில்லை.

பாடம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் கையில் இருக்கும் டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அதனால் அது சுற்றிலிருந்து எடுக்கிற மின்னோட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவு. வழியில் எங்கேயோ துருப்பிடித்து இருபது ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கோடிக்கு முன்னால் இருபது எந்த மூலைக்கு? மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும். ஆனால் சீட் மோட்டார் ஓடும்போது ஐந்து, பத்து ஆம்பியர் கேட்கும். பத்து ஆம்பியர் ஓட வேண்டிய வழியில் ஒரே ஓர் ஓம் இருந்தால்கூட பத்து வோல்ட் அங்கேயே தின்னப்பட்டுவிடும். இருபது ஓம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குழாய்க்கு ஓர் உதாரணம். தெருக்குழாயில் முக்கால்வாசி அடைப்பு. குழாயை மூடி வைத்து அழுத்தத்தை அளந்தால் முழு அழுத்தமும் காட்டும். திறந்து குடத்தை வைத்தால்தான் நூல் மாதிரி ஒழுகுவது தெரியும். மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு நான் அளந்தது, மூடிய குழாயை அளந்த கதை.

அடைப்பு எந்தப் பக்கம்? அதையும் பல்பே சொன்னது. பல்பின் ஒரு ஒயரை பேட்டரியிலிருந்து வருகிற முனையில் வைத்து, இன்னொன்றை எர்த் முனைக்குப் பதிலாக வண்டியின் தரையில் பெயிண்ட் இல்லாத ஓர் இரும்பில் வைத்தான். பல்பு பளீரென்று எரிந்தது. வருகிற வழி சரி. அப்படியென்றால் போகிற வழியில்தான் அடைப்பு. திரும்பப் பல்பைக் கனெக்டரில் மாட்டிவிட்டு, எர்த் முனைக்கும் வண்டி இரும்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தான். ஒழுங்காக இருந்தால் அங்கே கிட்டத்தட்டப் பூச்சியம் இருக்க வேண்டும். 11.4 காட்டியது. பல்பில் 0.9, எர்த் ஒயரில் 11.4, வருகிற வழியில் மிச்சம் 0.1. கூட்டினால் 12.4. கிர்க்காஃப் 1845இல் சொன்ன கணக்கு என் வாசலில் பைசா சுத்தமாக நேரானது.

கார்பெட்டை விலக்கினான். எர்த் ஒயரின் வளையம் தரை இரும்போடு போல்ட் போட்டிருந்த இடம் முழுக்கப் பச்சை. பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே, அதே களிம்பு. ஒயரின் ரப்பரைச் சீவினான், உள்ளே செம்பு இழைகள் கறுத்துப் பொடியாக உதிர்ந்தன. கார்பெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சு அட்டையை விரலால் அழுத்தினான், ஈரம்.

அதற்கும் காரணம் நான்தான். கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி வண்டிக் கதவு வரைக்கும் வந்தது. காலையில் பார்த்தால் உள்ளே மிதியடி நனைந்திருந்தது. மூன்று நாள் கதவைத் திறந்து வைத்து ஃபேன் போட்டேன். மேலே தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கீழே இருந்த பஞ்சு காயவே இல்லை. மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடந்த செம்பு மெல்ல மெல்ல அரிக்கப்பட்டு, தடை கூடிக்கொண்டே வந்து, சீட் முனக ஆரம்பித்து, ஒரு நாள் நின்றுவிட்டது.

செம்பு பளபளவென்று தெரிகிற வரைக்கும் ஒயரை வெட்டினான். புது வளையம் போட்டு இறுக்கினான். தரை இரும்பைச் சுரண்டி, போல்ட் போட்டு, மேலே வாசலின் தடவினான். ஸ்விட்சை அழுத்தச் சொன்னான். முன்னால், பின்னால், மேலே, கீழே, சாய்வு. மூன்று மோட்டாரும் உயிரோடு இருந்தன. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே எர்த்தில் மீட்டர் வைத்துக் காட்டினான். 0.05.

600 ரூபாய் வாங்கிக்கொண்டான். அதையும் என் மனைவி கட்டாயப்படுத்திக் கையில் திணித்ததால்.

கை கழுவிக்கொண்டு வந்து காபி குடிக்கும்போது கேட்டேன், "இந்த பல்பு விஷயம் உனக்கு யாருடா சொல்லிக் கொடுத்தது?" உண்மையைச் சொல்கிறேன், நீங்கள்தான் சார் என்று சொல்வான் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"ஒரு லாரி சார்" என்றான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லாரிக்கு ஹெட்லைட் எரியவில்லை. மீட்டர் வைத்தான், முழு வோல்ட். பல்பு மாற்றினான், ஸ்விட்ச் மாற்றினான், ரிலே மாற்றினான். ஒரு வாரம். கடைசியில் முதலாளி வந்து சேஸிஸில் துருப்பிடித்த ஒரு போல்ட்டைச் சுரண்டினாராம், எரிந்துவிட்டது. மாற்றிய சாமான் காசு முழுக்க இவன் சம்பளத்தில் பிடித்தார்களாம்.

பிறகு அவனே சொன்னான். "அப்பா தறியிலயும் இதே கதைதான் சார். பாவு தொளதொளன்னு இருக்கும்போது எந்த இழை அறுந்திருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது. எல்லா இழையும் ஒரே மாதிரி கிடக்கும். இழுத்துக் கட்டி, உள்ளங்கையால தடவினாத்தான் அறுந்தது தனியாத் தெரியும்."

"நான் பத்தாவதுல பழைய டார்ச் செல்லைக் கொண்டுவந்து காட்டுவேனே, ஞாபகம் இல்லையா?" என்றேன். விடமாட்டேன் என்கிறேன் பாருங்கள்.

அவன் சிரித்தான். "அது முதல் பீரியடா சார்? அப்ப நான் வெளியில நின்னுக்கிட்டிருந்திருப்பேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். குத்திக்காட்டவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான். நான்தான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவன் தினமும் நேரம் கழித்து வருவான். தாமதமாக வருகிறவர்களை முதல் பீரியட் முழுக்க வெளியே நிறுத்துவது என் வழக்கம். ஒழுக்கம் என்று நினைத்தேன். ஏன் தாமதம் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்துப் பட்டில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்தால் மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் மட்டும் போதாது. பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் நிறைய வீடுகளில் அந்த இன்னோர் ஆள் பிள்ளைதான். விடியற்காலை எழுந்து அப்பாவுக்குக் கோர்வை தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவார்கள். அப்படி ஓடி வந்தவனை நான் வராந்தாவில் நிறுத்தினேன். உள்ளே மற்ற பிள்ளைகளுக்கு, பாரம் ஏற்றினால்தான் ஒரு செல்லின் உண்மையான பலம் தெரியும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவன் படிப்பை நிறுத்திவிட்டான். அவன் வகுப்பு வராந்தாவில் போனதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று இப்போது யாராலும் அளக்க முடியாது. அவன் நன்றாக இருக்கிறான், நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறான். ஆனாலும் நான் நிறுத்தியது நிறுத்தியதுதான். மறுநாள் அவன் கடைக்குப் போய் அதைச் சொன்னேன். "அட போங்க சார், வராந்தாவுல காத்து நல்லா வரும்" என்றான். அதோடு விட்டுவிட்டான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஓம் விதி கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1825இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு தப்பாகப் போனது. காரணம், அவர் வைத்திருந்த மின்கலம் பாரம் ஏறினால் தளர்ந்துகொண்டே இருந்தது. போகெண்டார்ஃப் என்ற ஆய்விதழ் ஆசிரியரின் யோசனைப்படி, மின்கலத்தை விட்டுவிட்டு பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையைப் பயன்படுத்திய பிறகுதான் கணக்கு நேரானது. 1827இல் புத்தகம் வந்தது. ஓம் வாத்தியாரே முதலில் சறுக்கிய இடம் அது. நான் எம்மாத்திரம்! ஆனால் அவர் இரண்டே வருடத்தில் திருத்திக்கொண்டார். எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் வாய்த்தது.

கார் வைத்திருப்பவர்களுக்காக, அவன் செய்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

முதலில் கழற்றாதீர்கள், கேளுங்கள். எந்தெந்தத் திசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை? ஒரு திசை மட்டும் போயிருந்தால் அந்த மோட்டாரையோ ஸ்விட்சின் அந்தப் பகுதியையோ பாருங்கள். எல்லாமே போயிருந்தால் பொதுவான வழியைப் பாருங்கள். படிப்படியாக மெதுவாகி நின்றதா, பட்டென்று நின்றதா? மெதுவாகி நின்றால் துரு, ஈரம், தளர்ந்த இணைப்பு என்று சந்தேகப்படுங்கள். பட்டென்று நின்றால் முதலில் ஃபியூஸ்.

சீட்டுக்கு அடியில் நாணயம், பேனா, தண்ணீர் பாட்டில் எதுவும் தண்டவாளத்தில் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி வழக்கு அதிலேயே முடிந்துவிடும் என்றான்.

கை வைப்பதற்கு முன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள், சில நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் கனெக்டரைத் தொடாதீர்கள். தைரியம் இல்லையென்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். என்னைப் போலத் தைரியம் இருந்தாலும் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வோல்ட்டை, பாரத்தோடு அளந்து பாருங்கள். ஓர் இண்டிகேட்டர் பல்பு போதும். மெக்கானிக் "வோல்ட் வருது, மோட்டார் போச்சு" என்றால், "பல்பு போட்டுப் பார்த்தீங்களா? மோட்டாரை நேரா பேட்டரியில வச்சுப் பார்த்தீங்களா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

மழைத் தண்ணீர் உள்ளே வந்திருந்தால் கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சைக் காயவையுங்கள். மேலே தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சீட் சரியாகிற வரைக்கும் தலையணை வைத்து ஓட்டாதீர்கள், யாரையும் ஓட்டவும் விடாதீர்கள். பிரேக்கைக் கடைசி வரைக்கும் மிதித்தபோதும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், முதுகு சீட்டில் நேராகப் படிந்திருக்க வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இது முடியாத வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போவது மேல்.

இப்போது காலையில் ஆறரைக்கு வாசலில் அந்த விர்ர் சத்தம் கேட்கிறது. நான் எடுத்துப் போன மறுநாள் அவள் சீட்டை முன்னால் கொண்டுவருகிற சத்தம். கேட்ட பிறகுதான் பேப்பரைப் பிரிக்கிறேன்.

அவன் பெயரையும் கடையையும் போட்டு நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். போனில் அனுமதி கேட்டேன். "வேணாம் சார். அப்புறம் எல்லாரும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டு மோட்டார் போச்சுன்னு சொல்வாங்க" என்றான்.

அதனால் பெயர் இல்லை. நம் ஊர் நண்பர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள். கேட்பதற்கு முன் எத்தனை மோட்டார் செத்தது என்று மட்டும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.